களத்துப் பகையும் குலத்துப் பகையும்

ஆட்டக்களத்திற் பகைமையே கூடாதென்று போதிப்பாருடைய கட்சியில் யாம் இல்லை. இரு கோஷ்டியார் எதிரெதிர் நின்று பந்தை உதைத்துப் போராடும்போது, வென்றாலும் தோற்றாலும் ஒன்றே என்றெண்ணுகிறவன் ஞானியாயிருக்கலாம், ஆட்டக்காரன் ஆகான். அண்டைத் தேசத்தார் இருவர் மோதும் ஆட்டத்திற்கோ காரம் இன்னும் மிகுதி. இரு தேசங்களின் பெயரால் நிகழ்ந்த முதற் கால்பந்தாட்டம் 1872-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், கிளாஸ்கோ நகரையடுத்த பார்ட்டிக் என்னுமிடத்தில், ஸ்காட்லாந்தாருக்கும் இங்கிலாந்தாருக்கும் நடந்தது. அன்று ஒருவரும் கோல் போடவில்லை. ஆயினும் அன்று மூண்ட போட்டி நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் தணிந்தபாடில்லை. 1977-ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை வென்ற களிப்பிலே ஸ்காட்லாந்து அபிமானிகள் களத்துட் புகுந்து, கோல் கம்பங்களை முறித்து, புற்றரையைப் பெயர்த்து வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். அதனை நன்னடத்தையென்று யாம் சொல்லோம். ஆனால், தோற்ற இங்கிலாந்தார் எந்தக் கோயிலிற் பூசை காண்கின்றனர், அவர்தம் பாட்டன்மார் எந்தப் பஞ்சத்தில் எந்தக் கப்பலேறி வந்தனர் என்னும் வினாக்கள் அங்கே எழவில்லை. புல்லைப் பெயர்த்தவர்க்கு வேண்டியிருந்தது புல்லே.

அவ்வினாக்கள் அயர்லாந்தார் வரும்போது எழுகின்றன. அதுவே யாம் ஈண்டுப் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

2014-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாளிரவு கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும், ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெறுதற்கான ஆட்டமொன்று நடந்தது. வழக்கமான ஹாம்ப்டன் மைதானம் அவ்வாண்டுக் காமன்வெல்த் பந்தயங்களுக்காக மாற்றியமைக்கப்பட்டிருந்தமையால், ஆட்டம் செல்டிக் கழகத்தாரின் மைதானத்தில் வைக்கப்பட்டது. அயர்லாந்தின் பச்சைச் சட்டையணிந்து நின்றவருள் ஐடன் மக்கீடி என்பவர் ஒருவர். அவர் ஸ்காட்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர். அதே மைதானத்திலே செல்டிக் கழகத்துக்காகப் பல்லாண்டு ஆடியவர். அவருடைய பாட்டனும் பாட்டியும் அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டொனிகால் நாட்டினர். அவர் காலிற் பந்து பட்டபோதெல்லாம் ஸ்காட்லாந்துக் கூட்டத்தார் ஊளையிட்டனர். ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருக்கையில் ஸ்காட்லாந்துக்கு வெற்றிக் கோலைப் போட்டுத் தந்தவர் ஷான் மலோனி. ஊளையிட்ட வாய்களே அவரை வாழ்த்தின. இந்த மலோனி பிறந்த ஊர் எதுவென்று நினைக்கின்றீர்கள்? போர்னியோத் தீவிலே, மலேசியாவின் சாராவாக் பகுதியிலுள்ள மீரி. குடும்பப் பெயரோ அசல் ஐரிஷ் பெயர்.

மக்கீடியை இகழ்ந்தவர் சொல்லும் சமாதானம் யாது? 'பிறந்த மண்ணைத் துறந்து பிறர்க்கு ஆடுகின்றான். ஆதலின் துரோகி' என்பது. இச்சமாதானத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். பிறந்த மண்ணே தேசத்தைத் தீர்மானிக்குமாயின், மீரியிற் பிறந்தவர் மலேசியாவுக்கன்றோ ஆடவேண்டும்? இரத்தமே தீர்மானிக்குமாயின், டொனிகாலிற் பிறந்தவரின் பேரன் அயர்லாந்துக்கு ஆடுவதிற் பிழை என்ன? சர்வதேசச் சங்கத்தின் விதிகளோ இரண்டையும் அனுமதிக்கின்றன. ஸ்காட்லாந்தாரும் அவ்விதிகளின் நிழலிலே இங்கிலாந்திற் பிறந்த பலரைத் தம் கோஷ்டியிற் சேர்த்து ஆடியிருக்கின்றனர். அவர்களை யாரும் இங்கிலாந்துக்குத் துரோகிகளென்று சொன்னதில்லை. இங்கிலாந்தாரும் அதனைப் பெரிதுபடுத்தியதில்லை. ஆகவே மண் என்னும் அளவுகோலும் இரத்தம் என்னும் அளவுகோலும் ஒருவர்க்கு ஒருவாறும் மற்றவர்க்கு வேறொருவாறும் நீண்டு குறுகுகின்றன. அளவுகோல் இவ்வாறு நெளியுமிடத்தில், அதனைப் பிடித்த கையைப் பார்ப்பதே முறை.

ஒன்று மட்டும் நடுநிலையோடு சொல்லவேண்டும். ஊளையிடுதல் ஒன்றே துவேஷத்துக்குச் சான்றாகாது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் டப்ளின் நகரில் இங்கிலாந்தார் வந்து ஆடியபோது, டெக்லன் ரைஸ், ஜாக் கிரீலிஷ் என்னும் இருவரையும் ஐரிஷ் கூட்டத்தார் அவ்வாறே ஏசினர். முன்னவர் அயர்லாந்தின் முதல் வரிசைக் கோஷ்டியில் மூன்று முறை ஆடியபின் இங்கிலாந்துக்கு மாறியவர். பின்னவர் இளைஞர் கோஷ்டிகளில் அயர்லாந்துக்கு ஆடிப் பின் மாறியவர். அன்று இங்கிலாந்து போட்ட இரண்டு கோல்களும் இவ்விருவர் போட்டவையே என்பது டப்ளினார்க்குக் கிடைத்த தக்க பரிசு. அங்கே வருத்தம் இருந்தது, பொறாமை இருந்தது, கைவிட்டுப் போனான் என்னும் மனத்தாங்கல் இருந்தது. இவை ஆட்டத்திற்குரிய பகை. ஆனால் ரைஸின் பாட்டன்மாரைத் திரும்பிப் போகச் சொல்லும் பாட்டு டப்ளினில் இல்லை. ஸ்காட்லாந்தில் உண்டு. அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தையே நினைவூட்டி, வந்த வழியே செல்லுங்களென்று ஏளனம் செய்யும் அப்பாட்டு 2008-ஆம் ஆண்டளவில் ரேஞ்சர்ஸ் கழகத்தாரின் அபிமானிகள் சிலரிடையே பரவிற்று. 2009-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் உயர்நீதிமன்றத்தார் அது ஜாதித் துவேஷமே என்று தீர்ப்பளித்தனர்.

பஞ்சத்தை எள்ளும் நாவுக்கு அப்பஞ்சத்தின் வரலாறு தெரியுமோ தெரியாதோ. 1845-ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகை நோய் அழித்தது. ஏழைக் குடியானவர்க்கு அதுவே மூவேளை உணவு. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். கையிற் பொருளிருந்தவர் அமெரிக்கா சென்றனர். இல்லாதவர்க்கு எதிர்க்கரையிலிருந்த கிளாஸ்கோவே புகலிடம். சுரங்கத்திலும் ரெயில்பாதையிலும் சாயத் தொழிற்சாலையிலும் குறைந்த கூலிக்கு அவர்கள் உழைத்தனர். குறைந்த கூலியைக் கொடுத்த முதலாளியை விட்டு, அதனை வாங்கிய ஏழையின்மேற் சினங்கொள்வது உலக வழக்கம். அவ்வழக்கம் அங்கும் நிகழ்ந்தது. அன்றியும் வந்தவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1560-ஆம் ஆண்டிலேயே போப்பாண்டவரின் அதிகாரத்தை ஒழித்த தேசம் ஸ்காட்லாந்து. ஆகவே வயிற்றெரிச்சலுக்குச் சமயம் ஒரு போர்வையாயிற்று. வேலைக்கு வந்தவனிடம், 'எந்தப் பள்ளியிற் படித்தாய்?' என்று கேட்பார்கள். பள்ளிக்குப் புனிதர் ஒருவரின் பெயரிருந்தால் வேலை இல்லை. வெளித்தோற்றத்தில் குற்றமற்ற இவ்வினாவின் உள்ளுறையை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இத்துவேஷம் சந்துபொந்துகளில் மட்டும் இருந்ததென்று நினைக்கலாகாது. 1923-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சங்கத்தின்முன் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. ஐரிஷ் ஜாதியாரால் ஸ்காட்லாந்தின் தேசீயத்துக்கு விளையும் அபாயம் என்பது அதன் தலைப்பு. படித்த குருமார், நல்ல இலக்கண நடையில், நிதானமாக எழுதியது அது. அதிலுள்ள ஒரு நுணுக்கத்தை வாசகர் கூர்ந்து நோக்கவேண்டும். அயர்லாந்திலிருந்து வந்த புரொட்டஸ்டண்டு மக்கள்மேல் அவ்வறிக்கைக்குக் குறையொன்றுமில்லை. அவர்கள் நம்மவரே என்றது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிற் பரம்பரையாக வாழ்ந்த கத்தோலிக்கர்மேலும் குறையில்லை. அவர்களும் இம்மண்ணுக்குரியவரே என்றது. குறையெல்லாம், ஐரிஷாராகவும் கத்தோலிக்கராகவும் ஒருங்கே இருப்பவர்மேல் மட்டும். 2002-ஆம் ஆண்டில் அதே திருச்சபை இதற்காக மனம் வருந்தி மன்னிப்புக் கோரியது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். எழுபத்தொன்பது ஆண்டு தாமதமாயினும் அஃது ஆண்மையுள்ள செயல்.

மிஷன் கல்லூரியொன்றின் பத்திரிகையில் இதனை எழுதும்போது எமக்கு ஒரு நினைவு எழாமலில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்திட்ட பள்ளியை 1837-ஆம் ஆண்டில் நிறுவியவர் ஸ்காட்லாந்துத் திருச்சபையினர். ஐந்தாண்டு கழித்து, 1842-ஆம் ஆண்டில், ஐரிஷ் கன்னியாஸ்திரீகள் சிலர் சென்னைக்கு வந்து பெண்குழந்தைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். இவ்விரு சாராரையும் நம் பட்டினம் ஒரே தோணித்துறையில் வரவேற்றது. இரு சாராரின் மாணாக்கரும் பிற்காலத்தில் ஒரே கச்சேரிகளில் உத்தியோகம் பார்த்தனர். அவர்தம் சொந்த ஊரில் இவ்விருவர் பிள்ளைகளும் ஒருவரையொருவர் எந்தப் பள்ளியென்று கேட்டுக்கொண்டிருந்தனர் என்பது நம் முன்னோர்க்கு விளங்கியிருக்குமோ என்பது ஐயமே.

இனிக் கழகங்களின் கதைக்கு வருவோம். எடின்பரோவிலிருந்த ஐரிஷ் ஏழைகளிடையே 1875-ஆம் ஆண்டிலே ஹைபர்னியன் கழகம் தோன்றிற்று; 1887-ஆம் ஆண்டில் அது ஸ்காட்லாந்துக் கிண்ணத்தையே வென்றது. அவ்வெற்றியைக் கண்ட கிளாஸ்கோ ஐரிஷாரும் அதே ஆண்டில் ஒரு கழகம் கண்டனர். அதன் மூலபுருஷர் சகோதரர் வால்பிரிட் என்னும் மாரிஸ்டு சபைத் துறவி, அயர்லாந்தின் ஸ்லைகோ நாட்டினர், பள்ளியாசிரியர். நகரின் கீழ்ப்பகுதியிலிருந்த குழந்தைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தமையைக் கண்டு, அவர்களுக்குப் பகலுணவு அளிக்கப் பணம் வேண்டி, ஆட்டத்துக்குக் கட்டணம் வசூலிக்கலாமென்று அவர் கருதினார். செல்டிக் கழகம் பிறந்தது இவ்வாறு. 1888-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் நடந்த அதன் முதலாட்டத்தில் எதிர்த்து நின்றவர் ரேஞ்சர்ஸ் கழகத்தார். செல்டிக் ஐந்து கோலும் ரேஞ்சர்ஸ் இரண்டும் போட்டனர். அந்நாளில் இருவர்க்கும் இடையே சண்டையொன்றுமில்லை. 1872-ஆம் ஆண்டில் ரேஞ்சர்ஸைத் தொடங்கிய வாலிபர்க்குச் சமயக் கொள்கை எதுவும் இருந்ததாகவும் சொல்லுதற்கில்லை. படகு வலிப்பிலும் பந்தாட்டத்திலும் ஆசை கொண்ட பிள்ளைகள் அவர்கள்.

பின்னர் வந்தது கேடு. ஐரிஷ் கத்தோலிக்கரின் கழகம் வெல்ல வெல்ல, அதனை அடக்க ஒரு ஸ்காட்லாந்துப் புரொட்டஸ்டண்டுக் கழகம் வேண்டுமென்று மக்கள் தேடினர். ரேஞ்சர்ஸ் அப்பதவியை ஏற்றது. முதல் உலக யுத்தத்துக்குப் பின் 1989 வரை, கத்தோலிக்கரென்று அறிந்து பெயர்பெற்ற ஓர் ஆட்டக்காரரை அக்கழகம் சேர்த்துக்கொண்டதில்லை. எங்கும் எழுதப்படாத சட்டம் அது; எழுதப்பட்ட சட்டங்களைக் காட்டிலும் ஒழுங்காக அனுசரிக்கப்பட்டது. எதிர்க்கட்சியில் நிலை வேறு. செல்டிக் கழகம் புரொட்டஸ்டண்டாரை விலக்கவில்லை. 1967-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் அதனை ஐரோப்பியக் கிண்ணம் வெல்லச் செய்த ஜாக் ஸ்டீன் புரொட்டஸ்டண்டு. அதன் பெருமைக்குரிய கென்னி டால்கிலீஷும் அப்படியே, அதுவும் சிறுவயதில் ரேஞ்சர்ஸ் அபிமானி.

வெறுப்பினால் வரும்படியும் உண்டென்பது கழகங்கள் அறிந்ததே. 1952-ஆம் ஆண்டில் செல்டிக் மைதானத்தில் பறந்த அயர்லாந்துக் கொடியை இறக்கும்படி ஸ்காட்லாந்துச் சங்கத்தார் ஆணையிட்டுப் பயமுறுத்தியபோது, செல்டிக் கட்சியை ஆதரித்து நின்றவர் வேறு யாருமல்லர், ரேஞ்சர்ஸ் கழகத்தாரே. எதிரி போனால் வாயிற்கட்டணமும் போகுமன்றோ! இவ்விரு கழகங்களையும் சேர்த்துப் 'பழைய கம்பெனி' என்று ஊரார் அழைத்ததன் குறும்பு இங்கேதான் விளங்குகின்றது.

1989-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரேஞ்சர்ஸ் நிர்வாகியான கிரேயம் சூனஸ், முன்பு செல்டிக் கழகத்தில் ஆடிய மோ ஜான்ஸ்டன் என்னும் கத்தோலிக்கரைச் சேர்த்துக்கொண்டார். அபிமானிகள் சிலர் மைதானத்தின் வாயிலிலே தம் கழுத்துப்பட்டைகளைக் கொளுத்தினர். நான்கு மாதம் சென்றது. நவம்பர் 4-ஆம் நாள் செல்டிக்குக்கு எதிராக ஆட்டமுடிவில் வெற்றிக் கோலைப் போட்டவர் அதே ஜான்ஸ்டன். மைதானம் அதிர ஆர்ப்பரித்தவருள் கழுத்துப்பட்டையைக் கொளுத்தினவரும் சிலர் இருந்திருப்பர். பிற்பாடு ரேஞ்சர்ஸில் இத்தாலியரும் ஸ்பானியரும் தென்னமெரிக்கருமாகக் கத்தோலிக்கர் பலர் ஆடினர். இத்தாலியர் ஒருவர் தலைவராகவும் இருந்தார். அவர்களைக் கூட்டம் கொண்டாடிற்று.

இவ்விடத்திலேதான் பலர் ஏமாறுகின்றனர். 'பார்த்தீர்களா, கத்தோலிக்க வெறுப்பு ஒழிந்துவிட்டது' என்கின்றனர். யாம் அங்ஙனம் எண்ணவில்லை. 1923-ஆம் ஆண்டின் அறிக்கையை மறுபடி நினைவுகூர்க. இத்துவேஷம் ஒரு பெயரில் நிற்பதன்று. இரு பெயர்களுக்கு நடுவில் நிற்பது. சமய வெறுப்பென்று குற்றஞ் சாட்டினால், இத்தாலியக் கத்தோலிக்கரைக் காட்டி, 'இவரை நாங்கள் தோளிற் சுமக்கவில்லையா?' என்னும். ஜாதி வெறுப்பென்று குற்றஞ் சாட்டினால், பெல்பாஸ்டிலிருந்து வந்த புரொட்டஸ்டண்டைக் காட்டி, 'இவரும் அயர்லாந்தாரல்லரோ?' என்னும். இரண்டு வாயில்களையும் அடைத்தால் மூன்றாவதொன்று திறந்திருக்கின்றது: 'இஃது ஆட்டத்துப் போட்டி, ஐயா; தொண்ணூறு நிமிடத்துச் சமாசாரம்' என்னும். அம்மூன்றாவது வாயிலே எல்லாவற்றினும் அகன்றது. சபையிலும் கச்சேரியிலும் சொல்லக் கூசுவதை அங்கே ஐம்பதினாயிரம் பேர் கூடிப் பாடலாம்.

தொண்ணூறு நிமிடத்தோடு அது முடிவதுமில்லை. 1995-ஆம் ஆண்டில் ஆட்டம் பார்த்து வீடு திரும்பிய 16 வயதுச் சிறுவன் ஒருவன், செல்டிக் அபிமானி என்பதொன்றைத் தவிர வேறு காரணமின்றிக் கிளாஸ்கோ வீதியிலே கழுத்தறுக்கப்பட்டு இறந்தான். குறுகிய கடலுக்கு அப்பாலுள்ள வட அயர்லாந்திலும் இக்கழகப் பகை தேசீயக் கோஷ்டியினுள் நுழைந்தது. நீல் லெனன் என்னும் கத்தோலிக்கர் வட அயர்லாந்துக்காகப் பல ஆண்டு ஆடியவர். இங்கிலாந்தின் லெஸ்டர் கழகத்தில் அவர் இருந்தவரையில் பெல்பாஸ்டில் அவர்க்கு இடுக்கண் இல்லை. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் செல்டிக்கிற் சேர்ந்தார். இரண்டு மாதத்துக்குள் சொந்த தேசத்தாரே அவரைச் சொந்த மைதானத்தில் ஏசினர். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சைப்ரஸுக்கு எதிராகக் கோஷ்டியின் தலைவராக நிற்கவிருந்த நாளிலே கொலைப் பயமுறுத்தல் வந்தது. அன்றோடு தேசத்துக்கு ஆடுவதை அவர் விட்டொழித்தார். அவருடைய சமயம் மாறவில்லை, ஊர் மாறவில்லை, ஆட்டத்திறனும் குறையவில்லை. சட்டையின் நிறம் ஒன்றே மாறிற்று. 2011-ஆம் ஆண்டில் செல்டிக்கின் நிர்வாகியாய் இருந்த அவர்க்கு வெடிமருந்துப் பொதிகள் தபாலில் அனுப்பப்பட்டன. அனுப்பிய இருவர்க்கு மறுவருடம் ஐவைந்து ஆண்டு சிறைவாசம் விதிக்கப்பட்டது.

இங்கிலாந்தாரும் இதிற் குற்றமற்றவரல்லர். 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் டப்ளினில் இங்கிலாந்துக் கூட்டத்தார் செய்த கலகத்தால் ஆட்டம் 27 நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. எனினும் அங்கே அரசியலின் வாடை மிகுதி. சமயத்தின் வாடை குறைவு. ஆதலின் அதனை நீட்டாது விடுகின்றோம்.

இனி, எதிர்வாதம் செய்வார்க்கும் செவிகொடுத்தல் கடன். செல்டிக் அபிமானிகளில் ஒரு பகுதியார் ஐரிஷ் ஆயுதப் படையைப் புகழ்ந்து பாடுகின்றனர். குண்டு வெடித்து இறந்தவரின் உறவினர் காதில் அது எவ்வாறு விழுமென்று அவர்கள் சிந்திப்பதில்லை. அதனை யாம் மறைக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. ஆயினும் 'இரு சாராரும் ஒன்றே' என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்வது வசதியான நியாயம். உண்மையான நியாயம் அன்று. 1999-ஆம் ஆண்டில் எடின்பரோவில் இசைவாணர் ஜேம்ஸ் மக்மில்லன், கத்தோலிக்க வெறுப்பு ஸ்காட்லாந்தின் வெட்கமென்று துணிந்து பேசியபோது, பழம்புண்ணைக் கீறுகின்றாரென்று அவரையே பலர் கடிந்தனர். கணக்கு அவர் பக்கம் இருந்தது. சமயத்துவேஷம் கலந்த குற்றங்களைத் தனியே பதிவு செய்யும்படி 2003-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. 2010-2011-ஆம் ஆண்டில் அச்சட்டப்படி சாட்டப்பட்ட குற்றங்களில் பாதிக்கு மேற்பட்டவை கத்தோலிக்கர்க்கு எதிரானவை. 2011-ஆம் ஆண்டு ஜனக்கணிதப்படி அத்தேசத்தில் கத்தோலிக்கர் நூற்றுக்குப் பதினாறு பேர். பதினாறு பேர்மேல் பாதிக்கு மேற்பட்ட அடி விழுமாயின், அதனை இருவர் சண்டை என்பது எப்படிப் பொருந்தும்?

நிலை திருந்தியிருப்பதும் மெய்யே. பள்ளிப் பெயரைக் கேட்டு வேலை மறுக்கும் வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. இரு சமயத்தாரும் மணவுறவு கொள்கின்றனர். வக்கீல்களிலும் வைத்தியர்களிலும் மந்திரிகளிலும் ஐரிஷ் வழிவந்தோர் பலர். அடுப்பு தணிந்துவிட்டது, சாம்பலின்கீழ்க் கனல் இருக்கின்றது. அக்கனல் ஊதப்படுமிடம் மைதானம் ஒன்றாய்க் குறுகியிருக்கின்றமையால்தான், மைதானத்தை விளையாட்டென்று தள்ளிவிட எமக்கு மனமில்லை.

அரசாங்கத்தார் சும்மா இருந்தாரல்லர். லெனனுக்கு நேர்ந்தவற்றை ஒட்டி ஒரு சட்டம் இயற்றி 2012-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். கால்பந்தாட்டத்தையொட்டிப் புண்படுத்தும் நடத்தையைக் குற்றமாக்கியது அது. அபிமானிகள் முறையிட்டனர், வழக்கறிஞர் குறை கூறினர், 2018-ஆம் ஆண்டில் சட்டம் ரத்தாயிற்று. ரத்தானது நன்றேயென்பது எம் கருத்து. வீதியிலும் விருந்திலும் பாடினால் குற்றமின்றி, மைதானத்தில் பாடினால் மட்டும் குற்றமாகும் பாட்டு எது? ஏழைத் தொழிலாளியின் தொண்டையைப் பிடித்து, அவன் தொண்டையால் லாபமடைந்த கழகத்தைத் தொடாது விட்டது அச்சட்டம்.

கழகத்தைத் தொடும் வழி ஒன்று உண்டு. அபிமானிகள் செய்யும் குற்றத்துக்குக் கழகமே நேர்ப்பொறுப்பு என்பது ஐரோப்பியச் சங்கத்தின் விதி. கழகம் தடுக்க முயன்றதா, இல்லையா என்னும் வாதத்துக்கு அங்கே இடமில்லை. 2006-ஆம் ஆண்டில் அவ்விதிப்படி ரேஞ்சர்ஸ் கழகத்துக்கு அபராதம் விழுந்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சமய நிந்தனைப் பாட்டுக்காக மைதானத்தின் ஒரு பகுதியையே மூடிவைத்து ஆடும்படி உத்தரவாயிற்று. காலியான ஆசனங்களைக் கண்டபின் கழகத்தார் தம் அபிமானிகளுக்கு விடுத்த வேண்டுகோள் போன்ற ஒன்றை, நீதிபதிகளும் குருமாரும் ஐம்பது ஆண்டு சொல்லியும் பெற முடிந்ததில்லை.

உள்நாட்டு ஆட்டங்களுக்கும் இவ்விதியை வைக்கலாமா என்னும் பிரேரணை 2013-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துச் சங்கத்தின் கூட்டத்தில் வந்தது. கழகங்கள் பெரும்பான்மையாக அதனைத் தள்ளிவிட்டன. பச்சைச் சட்டைக் கழகமும் நீலச் சட்டைக் கழகமும் வேறு எதிலும் ஒத்துப்போகாதவை. இவ்விதியை விரும்பாமையில் மட்டும் அவற்றுக்குள் வேற்றுமை தென்படவில்லை. பின்னரும் பேச்சு பன்முறை எழுந்து அடங்கிற்று. குழந்தைகளின் பகலுணவுக்காகத் தொடங்கிய கழகம் இவ்விஷயத்தில் முதலில் எழுந்து, 'எங்கள் அபிமானிகளின் பாட்டுக்கு நாங்களே பொறுப்பு. எங்களையே முதலில் தண்டியுங்கள்' என்று சொல்லியிருக்குமாயின், எதிர்க் கழகம் வாய்மூடி இருந்திருக்க முடியாது. அப்பிரேரணை மறுபடி வாக்குக்கு விடப்படும் நாளில், யார் யார் கை உயர்கின்றதென்பதை ஆட்டத்தின் கோல் கணக்கைப் போலவே எண்ணிப் பார்க்க யாம் காத்திருக்கின்றோம்.